மினுங்கிய வண்டிக்குள் யோகன் அங்கிள்

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு புறா எச்சம். யோகன் அங்கிளின் வண்டியில், முன் கண்ணாடிக்குக் கீழே காய்ந்து கிடந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். வண்டியை மினுக்கிய நாளிலிருந்து, விடிந்ததும் ஈரத்துணியோடு அதைச் சுற்றி வருவதுதான் அவருடைய முதல் வேலை. புதன்கிழமையும் அது அப்படியே இருந்தது. அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் போய் வண்டிக் கதவைத் தட்டினார். பிறகு பொலிஸ் வந்து கதவை உடைத்தார்கள். அப்பா திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "யோகன் மோசம் போயிட்டார் பிள்ளை, உயிர் இல்லை" என்றார்.

அவருடைய முழுப்பெயர் யோகேஸ்வரன். வயது ஐம்பத்தெட்டு. மனோர் பார்க்கில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தவர். வீட்டுக்காரர் அந்த வீட்டை விற்றபோது, பின்பக்கம் அறைபோலக் கட்டிய பழைய கேம்பர் வான் ஒன்றை வாங்கி, செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் நிறுத்தி அதற்குள் குடியிருந்தார். முதுகு பழுதாகி வேலையையும் விட்டிருந்தார். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் தாளில் எழுத அவருடன் பழகிய ஒருவர் வேண்டும் என்றார்கள். தெருவில் விசாரித்ததில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அம்மா ஒருநாள் அவருக்குப் புட்டும் சம்பலும் கொடுத்து அனுப்பினார். கதவைத் தட்டக் கூச்சப்பட்டு நான் மழையில் நின்றேன். அவர் ஜன்னலால் பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ளை, கதவு கடிக்குமே? தட்டும். தட்டினால்தானே ஆருக்கும் தெரியும்."

உள்ளே கூப்பிட்டு, "இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று கேட்டார்.

"விட்டிட்டன் அங்கிள்."

"ஓம்" என்று மட்டும் சொல்லித் தேநீர் ஊற்றினார். ஏன் என்று கேட்காத முதல் ஆள் அவர்தான்.

அடுத்த மாதம் வண்டியில் கவுன்சில் ஒரு அறிவித்தலை ஒட்டியிருந்தது. அதை வாசித்துக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"கைவிட்ட வாகனமாம் அங்கிள். ஏழு நாளிலை எடுத்துக்கொண்டு போவினமாம்."

"நான் உள்ளுக்கை இருக்கிறன். பிறகென்ன கைவிட்டது?"

அவருக்காக நான்தான் போன் எடுத்தேன். வந்து பார்த்த அதிகாரி நல்லவர். வரியும் காப்புறுதியும் சரியாக இருக்கின்றன என்றார். ஆனால் ஜன்னலோரமெல்லாம் பாசி, பக்கமெல்லாம் கறுப்புக் கோடு, தொட்டால் கையில் வெள்ளைப் பொடி. ஆள் இருக்கிற வண்டிபோலத் தெரிந்தால் தாங்கள் இனி வரவேண்டியிருக்காது என்று சொல்லி, ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

எங்கள் இருவருக்கும் அந்த வேலை தெரியாது. "குத்துவிளக்கு மினுக்கிற மாதிரித்தானே" என்று அங்கிள் பழப்புளியைக் கரைத்துத் தேய்த்தார். காய்ந்ததும் இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெய் பூசினோம். ஒரு நாள் முழுக்க வண்டி மினுங்கியது. மறுநாள் தெருப் புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருந்தது. இலையும் பூச்சியும்கூட. கிழமைக்கு ஒரு தடவை கதவைத் தட்டி, "எப்ப யோகன் இதை எடுக்கிறீர்?" என்று கேட்கும் எதிர்வீட்டு ராணி அன்ரி தன் வீட்டுப் படலையில் நின்றபடி, "என்ன, வண்டியைப் பொரிக்கப் போறீரோ?" என்றார்.

"அப்பளம் இருந்தால் கொண்டுவாரும்" என்றார் அங்கிள்.

பிறகு வீடியோ பார்த்து முறையாகத் தொடங்கினோம். சவர்க்காரம் போட்டு எண்ணெயையும் பாசியையும் கழுவினோம். துவாய் அளவு இடமாக எடுத்து, களிம்பை வட்டமாகத் தேய்த்து, மங்கிய மேற்பூச்சை நீக்கினோம். அதன்மேல் மெழுகு பூசி, அது வெளிறியதும் துடைத்தோம். முதுகு வலித்தால் படியில் இருந்துகொள்வார். துணியில் வந்த வெண்பொடியை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் பூசி, "வீடே எனக்குத் திருநீறு தருது, பாரும்" என்று சிரித்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முன்பக்கத்தில் எங்கள் முகம் தெரிந்தது. பின்பக்கம் மட்டும் மிச்சம்.

"பின்பக்கத்தை ஆர் பார்க்கப்போகினம்? வாற ஞாயிறு செய்வம்."

"வாறன் அங்கிள்" என்றேன்.

நான் போகவில்லை. ஒரு கடையில் வேலை கிடைத்திருந்தது, ஞாயிறும் ஷிப்ட். பிறகு, போகாமல் விட்டதால் போகக் கூச்சமாக இருந்தது. அதிகாரி சொன்னபடி கவுன்சிலிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. ராணி அன்ரியும் தட்டுவதை விட்டுவிட்டார். செத்தவீட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பளபளவெண்டு நிண்டது பிள்ளை. ஆள் சுகமாயிருக்கிறார் எண்டுதான் நினைச்சன்" என்று அழுதார்.

இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். எந்த நாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையாம். நான் திங்கட்கிழமை தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கு முந்தியே முடிந்திருக்கும் என்று அப்பா தானாகச் சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அங்கிளை அனுப்பிவைக்கக் கனடாவிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தார். வண்டி அவருக்குத் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை எடுத்துப்போவதாக மறுபடியும் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். இந்தமுறை அதில் பிழை இல்லை.

வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் இருந்த மிச்ச மெழுகை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்தைச் செய்தேன். தனியாகச் செய்ததில் மதியம் தாண்டிவிட்டது. பிறகு முன்னால் வந்து எச்சத்தை நனைத்துத் துடைத்தேன். எச்சம் போனது. அது இருந்த இடம் மெழுகோடு அரித்து மங்கலாகி இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அந்த மங்கல் போகவில்லை.

போய்வாருங்கள் அங்கிள். சொன்ன ஞாயிறு நான் வரவில்லை.

வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் துணியைப் பிழிந்தேன். படியில் ஏறிக் கதவைத் தட்டினேன்.