ஆயிரத்து இருநூறாம் ஆண்டுப் பதிப்பு

சிறு நூலகங்கள் தங்கள் புத்தகப் பட்டியலைக் கணினியில் வைத்துக்கொள்ள ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலையை, ஓய்வுபெற்ற பிறகு நான் எடுத்துக்கொண்டேன். கையேடு இணையதளத்தில் மட்டும்தான் இருந்தது. அதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

தக்கலையில் நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். மலையோரத்தில் ஒரு பழைய மிஷன் சபையின் நூலகத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறவர்.

“சார், எங்க லைப்ரரி ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல. அங்க சிக்னல் கெடைக்காது. இந்தப் புக்க நெட் இல்லாம வாசிக்க வழி உண்டுமா?”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “மரத்துல ஏறி நின்னா கெடைக்கும்லா?” என்றார்.

“ஏறலாம் அண்ணாச்சி. லேப்டாப்ப நீங்க வந்து பிடிச்சிட்டு நிப்பியளா?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து, கையேட்டை மின்னூலாக மாற்றும் வழியைத் தேடினேன். கைபேசியில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். பிறகு இணையமே வேண்டாம். அட்டவணைகள் சிறிய திரையில் உடைந்தன, படங்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டன. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். மென்பொருள்காரர்கள் மகிழ்ச்சியோடு தங்கள் பக்கத்தில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பதிப்பின் அட்டையில் 2023 என்று போட்டிருந்தேன். அந்தப் பெண் ஊருக்கு இறங்கி வந்தபோது தரவிறக்கிக்கொண்டு போனார்.

மறு ஆண்டு மென்பொருள் மாறியது. முன்பெல்லாம் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவலாம். பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. என் முதல் பதிப்பிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். இனிமேல் பழையதை நீக்கினால் பட்டியலும் கூடவே அழியும், அதனால் முதலில் ஒரு படி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இரண்டாம் பதிப்பைத் தயாரித்தேன். எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டேன்.

கடைசியில் தேதி போட வேண்டும். தேதி என்றால் எனக்கு ஒரு பலவீனம். வாங்கிய புத்தகம், நட்ட மரம், வந்த கடிதம் எல்லாவற்றிலும் தேதி எழுதுகிறவன். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணி முதல் நாள் ஆண்டு பிறக்கும். அந்த ஆவணியில் கொல்லம் ஆயிரத்து இருநூறு பிறந்திருந்தது. அந்த முழு எண்ணைப் பார்த்ததும் மனம் மயங்கிவிட்டது. இரண்டாம் பதிப்பு என்று எழுதாமல், அட்டையில் 1200 என்று மட்டும் போட்டேன். மின்னூலுக்குள் வெளியான ஆண்டைக் கேட்கும் இடத்திலும் 1200 என்றே கொடுத்தேன். கணினி மறுக்கவில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன ஆயிரத்து இருநூறு? ராசா காலத்துப் புக்கா?”

“கொல்லம் ஆண்டு.”

“வாசிக்கவங்களுக்குப் புரியாண்டாமா?”

“புரியாதவங்க தெரிஞ்சுக்கட்டும்.”

“ஆமா, ஒங்களுக்குத் தெரியும்னு அவங்களும் தெரிஞ்சுக்கணும்லா” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அந்த மலையோர நூலகத்தின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கணினிப் பட்டியலை அன்று எல்லோருக்கும் திறந்து காட்டுவதாகத் திட்டம். சபையின் அலமாரிகளில் இருந்த பழைய புத்தகங்கள் அத்தனையையும் அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி, முதல் பக்கத்தில் யார் யாருக்குக் கொடுத்தது என்று மையில் எழுதியிருந்ததைக்கூட விடாமல் பதிவு செய்திருந்தார். அதைப் பார்க்கும் ஆசையில் தக்கலையில் பஸ் மாறி, வேளையோடு போய்ச் சேர்ந்தேன்.

நூலகக் கமிட்டிச் செயலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாருங்க சார், வாருங்க. ஒங்க சிஷ்ய செய்து வச்சிருக்கத வந்து பாருங்க.”

அந்தப் பெண் லேப்டாப் பக்கத்தில் நின்றிருந்தார். அழுதிருந்தார் என்பது தெரிந்தது. திரையில் மென்பொருள் புத்தம்புதிதாகத் திறந்திருந்தது. பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை.

“விழாவுக்குப் புதுசாப் போட்டு வைப்பம்னு நேத்து பழசக் களஞ்சேன் சார். எல்லாம் போச்சு. நான் ஒழுங்கா வாசிக்கல்ல போல.”

“வேற எங்கயும் படி எடுத்து வைக்கலியா?”

“எடுக்கணும்னு புக்குல இல்லியே சார்.”

அவருடைய கைபேசியைக் கேட்டு வாங்கினேன். வாசிப்புச் செயலி புத்தகங்களை ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தது. புதியது மேலே, பழையது கீழே. மேலே முதல் பதிப்பு இருந்தது. வேத வசனப் புத்தகம், சமையல் புத்தகம் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில், கி.பி. ஆயிரத்து இருநூற்றில் வெளிவந்த நூலாக, என் இரண்டாம் பதிப்பு கிடந்தது. அதைத் திறந்ததற்கான அடையாளமே இல்லை.

“இது?” என்று தொட்டுக் காட்டினேன்.

“அதுவா சார்? நெட்டுல ஒங்க பக்கத்துல கெடந்துன்னு அதயும் எடுத்தேன். ஆயிரத்து இருநூறுன்னு போட்டிருந்தா, இருபத்திமூணுதான புதுசு? பழைய காலத்து சாமானம்னு விட்டுட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மணி அடித்தார்கள். செயலாளர் என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒலிபெருக்கியில் அவர் சொன்னார்: “பட்டியல் இண்ணைக்குக் காட்ட முடியாம ஆயிட்டு. கவனக்குறவுதான், வேற ஒண்ணும் இல்ல. இனிமே அலமாரிச் சாவிய நம்ம பொருளாளர் வச்சுக்கிடுவாரு.” அந்தப் பெண் எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு, போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அடுத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பழைய புத்தகங்களின் அருமையைப் பற்றிப் பேசினேன். பிறகு, “புதிய தொழில்நுட்பத்தைப் பழகும்போது பிழைகள் நேர்வது இயல்புதான், யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்” என்றேன். பெருந்தன்மையாகப் பேசினேன் என்று கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்து, தேநீர் குடித்து, ஆட்கள் கலைந்த பிறகுதான் செயலாளரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கொல்லம் ஆண்டா? அது பழைய ஆதாரப் பத்திரத்துல போடுகதுல்லா சார்?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்பம் அவ மேல குத்தம் இல்ல. இத மைக்குலயே செல்லியிருக்கலாமே. ஆளெல்லாம் போயாச்சே.”

அந்தப் பெண் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னேன். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

“அப்பம், புக்குல எழுதித்தான் இருந்து?”

“இருந்தது.”

“நேத்து முழுக்க எனக்கு வாசிக்கத் தெரியல்லன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் நானே வந்து சொல்கிறேன் என்றேன். “வேண்டாம் சார். மறுபடியும் அதயே போட்டுப் பேசுவாவ” என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மூன்றாம் பதிப்பைத் தயாரித்தேன். ஆண்டை எல்லோரும் எழுதுவதுபோல் எழுதி, மூன்றாம் பதிப்பு என்று அட்டையில் பெரிதாகப் போட்டேன். மாற்றத்தின் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். முதலில் “தேதி திருத்தப்பட்டது” என்று எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, முந்தைய பதிப்பில் மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்துக்குப் போட்ட ஆண்டினால் அது பழைய பதிப்புக்கும் கீழே போய்விட்டது, அதனால் ஒரு நூலகத்தின் பட்டியல் முழுவதும் அழிந்தது, வாசித்தவர் மீது பிழை இல்லை என்று எழுதினேன். இணையப் பக்கத்தில் மட்டுமல்லாமல் மின்னூலின் முதல் பக்கத்திலும் அதைச் சேர்த்தேன்.

போன சனிக்கிழமை அதை நேரில் கொண்டுபோனேன். நூலகம் பூட்டியிருந்தது. வெளியே படிக்கட்டில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். முதல் அலமாரிப் புத்தகங்களிலிருந்து மறுபடியும் பதியத் தொடங்கியிருந்தது திரையில் தெரிந்தது.

“பொருளாளர் கடைய அடச்சிட்டு வரணும் சார். அவிய வந்துதான் தொறக்கணும். இருங்க, இப்பம் வந்துருவாவ” என்று சொல்லி, படியில் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.