கப்பித்தானோவின் படத்துக்கு ஒரு மாலை

இத்தாலியின் பலேர்மோவில் அம்மா வேலை செய்த வீட்டில் வயதான ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் கப்பித்தானோ, அதாவது கப்டன். இளவயதில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் இதே ஊர்த் துறைமுகத்துக்குள் நீந்தி வந்து, எதிரிக் கப்பலின் அடியில் வெடி பொருத்தியவர். பிடிபட்டும், மீன் பெட்டிக்குள் ஒளிந்து தப்பியவர். சண்டை முடிந்ததும் இந்த ஊரின் போர்கோ வெக்கியோப் பகுதியில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டார். வெடி வைத்த ஊருக்கே மருமகனாக வர எவ்வளவு துணிச்சல் வேண்டும், பாருங்கள்!

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு அங்கே போவேன். அவர் கதை சொல்லச் சொல்லக் கப்பல் பெரிதாகிக்கொண்டே போகும். எனக்கும் பெரிய கப்பல்தான் பிடிக்கும்.

அந்த ஆண்டு கோடையில் அவர் நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். அம்மாவின் பெர்மெஸ்ஸோவும், அதுதான் இங்கே இருக்கும் அனுமதி, முடியும் தறுவாயில் இருந்தது. வேலை தருபவர் என்று அவர் தாளில் கையெழுத்திட வேண்டும். அவருக்கு ஏதும் ஆகிவிட்டால் எங்கள் கதை முடிந்தது. ஆனால் படுக்கையில் கிடப்பவரிடம் அதை நீட்ட அம்மாவுக்குக் கூச்சம். தாள் கைப்பையிலேயே கிடந்தது. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய பிறந்தநாளன்று, பல்கனி மல்லிகையைப் பறித்துத் தையல் நூலில் கட்டி, சீருடையோடு அவர் நிற்கும் படத்துக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் தாத்தாவின் படத்துக்கு மாலை உண்டு. பெரிய மனிதருக்கு அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அவருடைய மனைவி சிஞ்ஞோராவின் உதட்டுச் சாயத்தால் ஒரு பொட்டும் வைத்தேன்.

"அடி விசரி! உயிரோட இருக்கிற மனுசன்ரை படத்துக்கு மாலை போடுறதே? செத்த ஆக்களுக்கெல்லோ போடுறது!"

முதுகில் அம்மாவின் அடி ஒன்று விழுந்தது. சத்தம் கேட்டுக் கப்பித்தானோ கைத்தடியோடு வந்தார். நான் அழுதுகொண்டே இத்தாலியனில் எல்லாவற்றையும் போட்டுடைத்தேன். அவர் இருமி இருமிச் சிரித்தார்.

"மாலை இருக்கட்டும். என்னைச் செத்தவன் என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்."

பிறகு அம்மா சிரிக்காமல் கைப்பையை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கண்டார். சிரிப்பு நின்றது.

"பெர்மெஸ்ஸோ எப்போது முடிகிறது?"

அம்மா கைப்பையைத் திறந்து தாளை நீட்டினார். அவர் நின்றபடியே கையெழுத்திட்டார். அம்மா தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மாலை கட்டியது நான், அடி வாங்கியது நான், வீரரின் கையெழுத்து மட்டும் அம்மாவுக்கா?

"அம்மா, அதை எனக்குத் தாங்கோ. பள்ளிக்கூடத்திலை காட்டிப்போட்டுத் தாறன்."

இன்னொரு அடி விழும் என்று குனிந்தேன். அம்மா அழுதபடியே சிரித்தார், என்னை இழுத்து முத்தமிட்டார். தாளை மட்டும் தரவே இல்லை. என்ன கஞ்சத்தனம் என்று அன்று முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை.