கொடியில் கிடந்த பன்னிரண்டு சேலைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் தையல் கடையில் அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால்கூட நாடாவைச் சுருட்டி வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னை ஒரு படக்குழு உடைப் பொறுப்பைப் பார்க்கக் கூப்பிட்டது என்றால், திருகோணமலையில் வேறு ஆள் அகப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

பக்கத்தில் சல்லி என்ற ஊரின் கடற்கரையில் படப்பிடிப்பு. காட்சி இதுதான்: கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பவில்லை. கரையில் பெண்கள் காத்து நிற்கிறார்கள். அவர்கள் நடுவிலிருந்து ஒருத்தி எழுந்து பேசுகிறாள். பேசுகிறவளாக நடித்தது ஈச்சிலம்பற்று ஊரிலிருந்து வந்த ஓர் இளம் பிள்ளை, பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுக்கு அது முதல் படம். படம் முழுவதிலும் அவளுக்கு இருந்தது அந்த ஒரு பக்க வசனம்தான். அதைத் தன் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் பேசிப் பார்த்ததாகவும், அவர்கள் கை தட்டியதாகவும் சொன்னாள்.

காத்து நிற்கும் பெண்களாகச் சல்லிப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த தயாரிப்பு நிர்வாகி, அவரவர் வீட்டுச் சேலையிலேயே வரட்டும், இயல்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் வேலை மிச்சம் என்று நான் மறுபேச்சுப் பேசவில்லை. முதல் நாள் பாதிக் காட்சி எடுத்தார்கள். மறுநாள் மிச்சத்தை எடுக்க அதே பெண்கள், அதே சேலை, அதே இடத்தில் நிற்க வேண்டும். மாறினால் படம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொருவரையும் என் கைபேசியில் படம் பிடித்து வைத்தேன்.

அன்றைக்கு அந்த நிர்வாகி பிள்ளையின் கொசுவத்தைச் சரிசெய்ய வந்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாம் தடவை கை இடுப்பிலேயே நின்றது.

“சாறி சரிசெய்யிறது என்ர வேலை. கையை எடுங்கோ” என்றேன்.

சினிமாவில் இவ்வளவு கூச்சம் ஆகாது என்று சிரித்துக்கொண்டு போனார். பிள்ளை முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டாள்.

பின்னேரம் அவள் படக்குழுவின் வான் வண்டிக்குப் பின்னால் வந்து தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். அவர் அனுப்பிய செய்தி. வசனம் பழக ஹோட்டல் அறைக்கு வர வேண்டுமாம், தனியாக வர வேண்டுமாம். வராவிட்டால் வசனம் வேறு ஆளுக்குப் போகுமாம்.

“நான் போக மாட்டன் அக்கா. ஆனா என்ர வசனத்தையும் விட மாட்டன்.”

முன்பு கொழும்பில் ஒரு நாடகப் படப்பிடிப்பில் எனக்கும் இப்படி ஒருவன் வாய்த்தான். நான் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அதை என் வீரம் என்று இத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். விட மாட்டன் என்று அவள் சொன்ன அந்த இரண்டாவது பேச்சு எனக்கு அன்று கொழும்பில் வாயில் வரவேயில்லை.

இயக்குநரிடம் போனோம். என்னைவிட இளையவர், நல்ல மனது, ஆனால் பயந்த சுபாவம். நாளை பின்னேரம் கமராவைத் திருப்பி அனுப்ப வேண்டும், படம் முடியட்டும், பிறகு கதைப்பம் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அவருக்குச் சொன்னதை எழுத்தில் போட ஏலாது.

பிள்ளையைக் கேட்டுக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் கருவாடு போடும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் கதைத்தால் கடல் இரைச்சல் கேட்காது. அன்று மெதுவாகத்தான் கேட்டார்.

“நாளைக்கும் இதே சாறிதானே வேணும்?”

ஓம் என்றேன். அக்கா தன் முந்தானையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குத்தான் கடைசியாக விளங்கியது.

மறுநாள் காலை பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு உடுத்தும் பட்டு, மகளின் கலியாணத்துக்கு வாங்கிய சிவப்புக் கூறைச் சேலை, தலை நிறைய மல்லிகை. ஒருத்தி கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டிருந்தாள். வள்ளம் திரும்பாத கரை கலியாண வீடாகிவிட்டது. கமராக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். நிர்வாகி, போய் மாற்றிக்கொண்டு வரச்சொல்லிக் கத்தினார்.

அக்கா மணலில் வசதியாக உட்கார்ந்தார். “ஏலாது. நீங்கள் இஞ்ச நிக்குமட்டும் எங்கட சாறி கொடியிலதான் கிடக்கும்.”

பக்கத்து ஊரான நிலாவெளியிலிருந்து வேறு பெண்களைக் கொண்டுவரலாமா என்று நிர்வாகி கேட்டார். நான் என் கைபேசியை எடுத்து, பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாக, மிக மரியாதையாக, அவருக்குக் காட்டினேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியில் இயக்குநர் தயாரிப்பாளரைக் கைபேசியில் அழைத்தார். அவர் தயங்கித் தயங்கித் தொடங்கும்போதே பிள்ளை கையை நீட்டி அந்தக் கைபேசியை வாங்கிக்கொண்டாள். அலையில் கால் நனைய நின்று, தன் கைபேசியில் இருந்த அந்தச் செய்தியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். முதல் நாள் மூன்று தடவையும் என்ன நடந்தது என்றும் சொன்னாள். கைபேசியை இயக்குநரிடம் கொடுக்கச் சொன்ன தயாரிப்பாளர், நிர்வாகியை உடனே அனுப்பிவிடச் சொன்னார். வெயில் ஏறுமுன் நிர்வாகியின் பெட்டி வான் வண்டியில் ஏறிவிட்டது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று, சொந்தக்காரரை வழியனுப்புவதுபோலக் கை காட்டினார்கள்.

அதன் பிறகுதான் ஓட்டம். எல்லோரும் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேலை மாற்றி வந்தார்கள். ஒருத்தி தன்னுடையதை உண்மையாகவே தோய்த்துப் போட்டிருந்தாள். சொட்டச் சொட்ட உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். கடலில் இறங்கித் தேடியவள் மாதிரி இருக்கிறது, அப்படியே நிற்கட்டும் என்றார் இயக்குநர்.

நான் பிள்ளையின் கொசுவத்தைச் சரிசெய்யப் போனேன். பழக்கத்தில் கை நேரே இடுப்புக்குப் போனது. அவள் மூச்சைச் சற்று உள்ளே இழுத்தாள். என் கை நின்றுவிட்டது. இருபது வருடமாக எத்தனையோ இடுப்பு, எத்தனையோ தோள். ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

“பிள்ளை, தொடட்டோ?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “ஓம் அக்கா.”

வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடித்தாள். சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும் அழுதார்கள். யாரும் அவர்களுக்கு அழச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது கடையில் நாடாவை எடுத்தால் முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். பலரும் சிரிக்கிறார்கள். கருவாட்டு அக்கா வந்தால் கேட்கும் முன்னமே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். போன கிழமை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மட்டும், வேண்டாம், நானே பிடிக்கிறேன் என்றாள். நாடாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று அளவைக் குறித்துக்கொண்டேன். சட்டை அவளுக்கு அளவாகத்தான் இருந்தது.