அழிக்கும் அதிகாரம்

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒரு மென்பொருள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். என் கோபம் அதன் மேல் இல்லை. அதன் கையில் முழுச் சாவியையும் கொடுத்த மனிதர் மேல்.

பதுளையில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், மண் சரியும் மலைகளில் மழைமானிகளைப் பொருத்தியிருக்கிறது. மழையின் அளவு கிளவுடில் இருக்கும் ஒரு சர்வருக்குப் போகும். அளவு மீறினால் அந்தச் சர்வர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்திருக்கும் அபாயச் சங்கை ஊத வைக்கும். மடுல்சீமையில் என் அக்கா குடியிருக்கும் லயத்திலும் ஒன்று உண்டு.

செலவைக் குறைக்க மேலாளர் ஒரு ஏஐ ஏஜென்டைக் கொண்டுவந்தார். வேலையைச் சொன்னால் போதும், அதுவே யோசித்து அதுவே முடித்துவிடும். அதற்குத் தனிக் கணக்கு திறந்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுப்போம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாருமே மேலாளரின் கணக்கில் நுழைந்துதான் வேலை செய்வோம். அதையே ஏஜென்டுக்கும் கொடுத்தார்.

"ஒவ்வொண்டுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நிண்டா வேலை எப்ப தம்பி முடியிறது?" என்றார் அந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

அது வெயில் காலம். மழை இல்லாததால் சர்வருக்கு வேலை இல்லை. சும்மா கிடக்கிறது என்று ஏஜென்ட் அதை அழித்தது, அதன் காப்பு நகலையும் சேர்த்து. அந்த மாதம் செலவு குறைந்ததும் மேலாளர் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். எது போனதால் குறைந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு மழை வந்தது. தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்கும் சங்கு, சாப்பாட்டுக்கும் சங்கு. ஊதினால் கிளம்புவார்கள், ஊதாவிட்டால் இருப்பார்கள். அன்று மத்தியானம் எங்கள் சங்கு ஊதாததால், மலையிலிருந்து சேறு வழியத் தொடங்கியும் லயத்தை விட்டு யாரும் வெளியேறவில்லை. அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது பின்சுவர் அவள் மேல் சரிந்தது.

ஆஸ்பத்திரியில் கால் முழுக்கக் கட்டோடு கிடந்தாள்.

"சங்கு ஊதலயே தம்பி, அதான் இருந்தோம். நீங்க வச்சதுதானே, ஊதும்னு நெனச்சேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே புதுச் சர்வரை அமைத்தேன். மேலாளரின் கணக்கிலிருந்து ஏஜென்டை வெட்டிவிட்டேன். இனி அது பார்க்கலாம், யோசனை சொல்லலாம். எதையாவது அழிக்க வேண்டுமென்றால் இரண்டு மனிதர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரம்கூடப் போகவில்லை, மேலாளர் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"சின்ன விசயத்துக்கும் ரெண்டு பேர் எண்டா சரிவராது தம்பி. பழையபடி திறந்து விடும்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"மழை பேயறப்ப எங்க அக்கா லயத்துல ஒரு ராத்திரி படுத்துட்டு வாங்க சார். அப்பறமும் தொறக்கச் சொன்னீங்கன்னா தொறக்கிறேன்."

அவர் இன்னும் அந்த லயத்துக்குப் போகவில்லை. நானும் திறக்கவில்லை.