பச்சை ஓலைத் தீவு

நார்வேயில் பிப்ரவரி மாதம் வெயில் வேண்டுமென்றால் ஹீட்டரைத்தான் கும்பிட வேண்டும். மகள் நிலாவின் ஏழாவது பிறந்தநாளுக்காக அதைக் கடைசிவரை திருகிவைத்தோம். வாசலில் முழங்கால் அளவு பனி. உள்ளே அரைக்கால் சட்டையும் காகித மாலையுமாகப் பிள்ளைகள். வெப்பமண்டலத் தீவு மாதிரி விருந்துதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் அவள். எங்கள் ஊரான ஏரலின் வெயிலில் வெந்து வளர்ந்த நானும் என் கணவரும் இப்படி வியர்வைக்கு ஏங்குவோம் என்று யார் கண்டது!

வகுப்பில் எல்லாரையும் அழைப்பது இங்கே எழுதாத சட்டம். அதற்காகத்தான் வந்தார்கள் என்று எனக்கும் தெரியும். பள்ளி இடைவேளையில் நிலா சுவரோரம் தனியாக நிற்பதை வேலிக்கு வெளியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். இன்றைக்காவது ஒருத்தி தோழியாகிவிட மாட்டாளா என்ற நப்பாசையில் அட்டையில் வெட்டிய மீனைப் பிடிப்பது, சிப்பிக்கு வண்ணம் தீட்டுவது என்று விளையாட்டுகளை அடுக்கினேன். போதாததற்கு, பூக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய இரண்டு பச்சைத் தென்னோலைகளைப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து ஒன்றாக முடைந்தேன். பள்ளி விடுமுறைகளில் தொழுவத்துக் கூரைக்காக, ஆற்றில் ஊறப்போட்ட ஓலையை முடைந்த கை. கை மறக்கவில்லை, புத்திதான் மறந்துவிட்டது.

"தெப்பம்!" என்று ஒரு சிறுமி கத்தினாள். பிள்ளைகளே நிலாவை அதில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். காகிதப் பூக்களை அள்ளி மேலே போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நிலா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் பக்கம் பச்சை ஓலையை முடைந்து ஆளைக் கிடத்துவது பாடையில்தான். போன வருடம் அப்பாவை நான் கடைசியாகப் பார்த்ததும் அப்படியோர் ஓலையின்மேல், கைபேசித் திரையில். விடுப்பு கிடைக்கவில்லை.

"ஏளா, புள்ளய எறக்கச் சொல்லுளா!" சமையலறையிலிருந்து வந்த என் கணவர் அலறினார். அதற்குள் நான் பாய்ந்து நிலாவைப் பறித்துக்கொண்டேன். தமிழில் என்னென்னவோ கத்தினேன். பிள்ளைகள் விக்கித்து நின்றார்கள், ஒருத்தி அழுதாள். அவளைக் கூட்டிவந்திருந்த அம்மா மாரித் என் தோளைத் தொட்டு, "பயப்படாதே, விழுந்தாலும் கீழே கம்பளம் இருக்கிறதே" என்றார். நான் பயந்தது விழுவதற்கல்ல என்பதை எந்த மொழியில் சொல்ல? தலையாட்டினேன். கேக் வெட்டும் முன்பே ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

மனசு ஆறாமல் ஊரில் இருக்கும் அம்மாவை அழைத்தேன். "ஏட்டி, அந்த ஓலைய மொதல்ல வெளிய தூக்கிப் போடு. புள்ளைக்குச் சுத்திப் போடு" என்றாள். கூடத்தில் ஓலையைக் காணவில்லை. நிலா அதைத் தன் அறைக்கு இழுத்துப்போய், அதன்மேல் படுத்திருந்தாள்.

"எந்திரிம்மா. அது நமக்கு ஆவாது."

"மாட்டேன். இதுலதான் எல்லாரும் என்னைத் தூக்குனாங்க. இனிமே தூக்க மாட்டாங்க."

"போட்டுட்டியாட்டி?" காதில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டேம்மா" என்றேன், ஓலையின் நுனியைப் பிடித்தபடி, இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல்.