பதினொரு பூச்சு

அந்தப் பெயிண்டரைத் தெருவே 'பளபளா' என்றுதான் கூப்பிடும். எந்த வீட்டு வேலைக்குப் போனாலும், "கவலைய விடுங்க, சுவர் பளபளான்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். சொன்னபடி செய்தும் கொடுப்பார். அதில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. குறையெல்லாம் சொந்த வீட்டில்தான்.

வீடென்றால் இரண்டே அறை. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சுவரின் அடியில் ஒருநாள் கையகலத்துக்குக் கறுப்பாகக் கறை ஒன்று வந்தது. பெயிண்டர் வீட்டுச் சுவரில் கறையா? நாலு பேர் பார்த்தால் மானம் என்னாவது? வேலை செய்த இடத்தில் மிச்சமான எனாமல் பெயிண்டைக் கொண்டுவந்து அன்று சாயங்காலமே பூசி மறைத்தார். அடுத்த வருஷம் கறை இன்னும் கொஞ்சம் மேலே எட்டிப் பார்த்தது. மறுபடி ஒரு பூச்சு. இப்படியே பதினொரு வருஷம் ஓடியது.

"என்னங்க, இந்த ரூம்ல ஏதோ மக்கின வாடை அடிக்குது" என்பாள் மனைவி.

அவரும் சுவரோடு மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்ப்பார். "ஒண்ணும் இல்லையே! உன் மூக்குலதான் கோளாறு."

அந்தச் சுவர்ப் பக்கம்தான் அவள் தலைவைத்துப் படுப்பாள். முதலில் இருமல் வந்தது. அப்புறம் இளைப்பு. ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கியது. வெயில் என்றார், வயசு என்றார், நீ ஒழுங்காச் சாப்பிடுறதில்லை என்றார். பாவி மனுஷன், சுவரை மட்டும் சொல்லவில்லை.

போன வருஷம் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல ஈரம் ஊறின சுவர் ஏதாவது இருக்கா? பூஞ்சை, மக்கின வாடை?"

"நான் பெயிண்டருங்க! என் வீட்டுச் சுவர்ல ஒரு புள்ளி பாக்க முடியாது."

கட்டிலில் கிடந்த மனைவி அவரையே பார்த்தாள். "வாடை இருக்கு டாக்டர். இவருக்குத்தான் தெரியாது."

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, சோப்புக் கட்டி ஒன்றை மூக்கருகே நீட்டினார். "என்ன வாசனை?"

"எதுலங்க?" என்றார் அவர்.

முப்பது வருஷத் தின்னரும் பெயிண்டும் அவர் மூக்கை எப்போதோ தின்று தீர்த்திருந்தன. அது தெரியாமலேதான் இத்தனை நாளும் அவள் மூக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்!

டாக்டரம்மா சொன்னபடி மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் தங்கை போன் செய்தாள். "மாமா, அக்கா நிக்காம மாடிப்படி ஏறுறா!" சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். கேட்டவர் நேராகப் போய்ப் படுக்கையறைச் சுவருக்கு முன்னால் நின்றார்.

மறுநாள் காலையில் சுரண்டியை எடுத்தார். பூச்சு பூச்சாக உரிந்து வந்தது. இந்தப் பச்சை, வக்கீல் வீட்டு மிச்சம். அவளால் வாளி தூக்க முடியாமல் போன வருஷம் பூசியது. இந்த இளநீலம், இருமல் தொடங்கிய வருஷம். எல்லாவற்றுக்கும் அடியில் காரை பிசைந்த மாவாகக் கையோடு வந்தது. செங்கல் முழுக்கக் கறுப்பு. குளியலறைக் குழாய் உள்ளே கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஈரம் இந்தப் பக்கம் காய்ந்துபோக இருந்த வழியையும் எனாமல் பூசிப் பூசி அவரே அடைத்திருக்கிறார்.

குழாயை மாற்றினார். கொத்தனாரை வைத்துக் காரையைப் பெயர்த்துப் புதிதாகப் பூசினார். இரண்டு மாசம் காயவிட்டார். பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. பழுதான நுரையீரலில் கொஞ்சம் இனி திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மிச்சம் இருப்பதோடாவது அவள் வீடு வந்து சேரட்டும் என்று ஏங்கினார்.

தங்கையோடு அவள் வந்தாள். படுக்கையறை வாசலிலேயே நின்றாள்.

"நீதான் மோந்து பாத்துச் சொல்லணும். வாடை போயிடுச்சா?" என்றார்.

அவள் மெல்ல மூச்சை இழுத்தாள். உடனே இருமினாள். "இன்னும் இருக்குங்க."

அவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. "நீ சொன்னா இருக்கும்" என்றார். "மறுபடியும் இடிச்சுப் பாத்துடறேன்."

"இந்த வார்த்தைய... அன்னிக்கே..." என்றாள். அதற்குள் மூச்சு வாங்கியது. சொல்லி முடிக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய பையை அவரே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைத் திரும்பவும் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட முன்னால் இறங்கினார்.