படகுக்குக் கட்டுப்போட்ட கதை

பக்கவாதம் வந்துபோன பிறகு என் வீட்டுக்காரரின் வலது கை பாதிதான் திரும்பி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர், தினமும் பிசையச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். "நான் என்ன பச்சப்புள்ளயா?" என்று அதை அலமாரி மேல் எறிந்துவிட்டார். பட்டாளத்தில் வெள்ளத்துக்கு நடுவே படகு ஓட்டி ஆட்களைக் கரையேற்றிய மனுஷன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட நான் கையை நீட்டினால் முறைப்பார். கால் மணி நேரம் ஆனாலும் தானேதான் போட வேண்டும். அந்தக் கை தேறுமா என்பதைவிட, தேறாவிட்டால் யாரையாவது உதவிக்கு விடுவாரா என்பதுதான் என் கவலை.

அப்படி இருக்கையில் ஒரு நாள், வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. வண்டியைத்தான் சொல்கிறேன். அதன்மேல் ஒரு பழைய ஃபைபர் படகு. ஏதோ ஒரு பூங்காவில் கழித்துப் போட்டதாம்.

"நம்ம கண்மாயில நாலு மாசம் தண்ணி நின்னாலே அதிசயம். இது எதுக்குங்க?"

"நிக்கிற வரைக்கும் ஓட்டுதேன்."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

மூன்றாம் நாள் அவர் படகின் உள்தளத்தை வெட்டி எடுத்தார். மேல் ஓடு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே அதைத் தாங்கிய மரச்சட்டங்களும் பின்பக்கப் பலகையும் ஊறி, தொட்டால் உதிர்ந்தன. என் சாம்பார் கரண்டி ஒன்று அதைச் சுரண்டியே செத்தது. பிறகு உப்புத்தாள் வேலை. இடது கை வலிக்கும்போது, தன்னையறியாமல் வலது கையை வைத்துத் தேய்ப்பார். நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன். சொன்னால் நிறுத்திவிடுவார்.

ஆசாரியிடம் புதுச் சட்டமும் பின்பலகையும் அறுத்து வந்தது. அதை ஓட்டோடு சேர்ப்பது எப்படி என்று, படகு பழுதுபார்க்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவரைப் போனில் கேட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சட்டத்தையும் மேல் ஓட்டையும் சேத்து பேண்டேஜ் போடுத மாதிரி மூணு அடுக்கு ஒட்டி, ரெசின் பசையப் பூசி, ரோலர உருட்டுங்க."

வேறு ஊர்க்காரர்கள் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்திருப்பார்கள். நான் வேலை பார்ப்பதோ ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில். எங்களுக்குப் பேண்டேஜ் என்றால் பேண்டேஜ்தான்.

"துணிக்கு எதுக்குங்க அலையணும்? நான் கொண்டு வாரேன்" என்றேன், பெருமையாக. ஓரம் கிழிந்து ஒதுக்கிய, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ரோல்களைக் கேட்டு வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சட்டம் சட்டமாகச் சுற்றி ஒட்டினோம். காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்ன மதினி, படகுக்கு ஆக்சிடெண்டா?" என்று கேட்டாள்.

ஒழுகுகிறதா என்று பார்க்க, படகுக்குள் ஹோஸ் போட்டுத் தண்ணீர் நிரப்பினோம். மறுநாள் காலையில் பின்பலகை மூட்டிலிருந்து முற்றமெல்லாம் தண்ணீர். அவர் விரலை விட்டு நெம்பினார். நாங்கள் போட்ட கட்டு முழுசாக உரிந்து கையோடு வந்தது.

மறுபடி போன். விஷயத்தைக் கேட்ட தூத்துக்குடிக்காரர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அண்ணாச்சி, நான் சொன்னது கண்ணாடி நார்ல பாய் மாதிரி செஞ்ச மேட்டு! நீங்க நெசமாவே ஆஸ்பத்திரித் துணிய ஒட்டிட்டியளா? யாரு குடுத்த யோசனை?"

எனக்கு முகமே செத்துவிட்டது.

"என் யோசனைதான்" என்றார் இவர், என்னைப் பார்க்காமலே. போனை வைத்துவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கையிலிருந்த துணியைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக, கண்ணில் நீர் வரும்வரை. நோவு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அன்றைக்கு அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்தே வேலை பார்த்தோம். மற்றச் சட்டங்களில் இறுகிப்போனதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மாதம் பிடித்தது. பார்சலில் வந்த கண்ணாடி நார் மேட்டை வெட்டிய நாளெல்லாம் உடம்பு முழுக்க அரிப்பு. ஒருமுறை ரெசினில் நான் அதை இறுகவைக்கும் மருந்தைக் கூடுதலாக ஊற்றிவிட, கப்பே சூடேறிப் புகைந்தது.

"ஏட்டி, கொழம்புக்கு உப்புப் போடுத மாதிரியா போடுவ? சொட்டு எண்ணிப் போடு."

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. படகைத் தள்ளி இறக்கினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நான் முன்னால் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அவர் நடுப்பலகையில் அமர்ந்து இரண்டு துடுப்பையும் வலித்தார்.

இடது துடுப்பு தண்ணீரை அள்ளியது. வலது துடுப்பு நழுவியது. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. நான்கு தடவை முயன்றார், நான்கு தடவையும் சுற்றியது. கரையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அவர் தாடை இறுகுவதைப் பார்த்ததும் நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையை நீட்ட மனசு துடித்தது. நீட்டவில்லை.

பலகை கிறீச்சிடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் இடது ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, இங்கிட்டு வந்து உக்காரு. இந்தத் துடுப்ப நீ பிடி. என்னால ஏலல."

இத்தனை வருட வாழ்க்கையில் அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. படகு ஆட ஆட எழுந்து போய், அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் இழுப்பிலேயே அவர் மேலெல்லாம் தண்ணீரை வாரி அடித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு..." என்று எனக்காக எண்ண ஆரம்பித்தார்.